தேனும் அரிசியும் ஆண்நலமும்: வட சிலாங்கூர்த் தோட்டங்கள் கற்பிக்கும் வரலாறு

மொழிக்காகக் கூடும் அவையில் உணவையும் பிள்ளைப்பேற்றையும் பற்றிப் பேசப் புகுவது ஏன் என்று ஆசிரியப் பெருமக்களும் மாணவர்களும் வினவக்கூடும். இவ்வுரையை ஒரு சொல்லிலிருந்தே தொடங்குகிறோம். ‘மலடி’ என்னும் சொல்லைக் கேளாத தமிழர் இலர். ‘மலடன்’ என்னும் சொல்லும் அகராதியில் உண்டு; ஆயினும் அதனைப் பேச்சில் கேட்டவர் மிகச் சிலரே. நம் சித்த மருத்துவ மரபு ‘ஆண்மலடு’, ‘பெண்மலடு’ என இரண்டையும் பிரித்தறிந்திருந்தது. ஊர்வழக்கோ ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றொன்றை மறந்துவிட்டது. அரசமரத்தைச் சுற்றியவளும், நோன்பிருந்தவளும், மாமியாரின் ஏச்சைக் கேட்டவளும் பெண்ணே.

கோலா சிலாங்கூர் முதலாக வட சிலாங்கூரில் பரவிக் கிடந்த தோட்டங்களிலும் இவ்வழக்கே நிலவிற்று. அத்தோட்டங்களில் வாழ்ந்த ஆண் எதை உண்டான், எந்த நோயுற்றான், எதைக் குடித்தான் என்பதையும், அவை அவனுடைய தந்தையாகும் ஆற்றலை எவ்வாறு பாதித்திருக்கக்கூடும் என்பதையும் வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே நம் நோக்கம். பிள்ளை வேண்டி ஆண்கள் இன்று நாடும் தேனைப் பற்றிய ஆய்வுகளையும் இதனோடு சேர்த்துக் காண்போம்.

ஆள் என்னும் கணக்கு

சிலாங்கூர் ஆற்றின் இரு மருங்கிலும், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) முதலிய ஊர்களைச் சூழ்ந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. ஆற்றங்கரையிலுள்ள ரந்தாவ் பாஞ்சாங்கில் குடியேறிய பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபொக்கோனியே, 1911இல் சுமத்திராவிலிருந்து செம்பனை விதைகளைத் தருவித்தார். 1917இல் அவர் தொடங்கிய தென்னமரம் தோட்டமே மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எனப்படுகிறது. நம் மக்களின் பேச்சுத் தமிழ் அத்தோட்டத்தின் பெயராயிற்று. பின்னர் 1930இல் ‘மலேசி’ என்னும் புதினத்துக்காகப் பிரான்சின் கொன்கூர் பரிசையும் அவர் பெற்றார்.

இத்தோட்டங்களுக்கு வந்த தமிழரைச் சஞ்சிக்கூலி முறையும் கங்காணி முறையும் கொண்டுவந்தன. சஞ்சி முறையில் ஆள்சேர்ப்பது 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை தொடர்ந்தது. முதலில் வந்தோருள் ஆண்களே பன்மடங்கு மிகுதி. விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்றவர்களைக் கிராணி ‘ஆள்’ என்றே எண்ணினார். இத்தனை ஆள் வெட்டுக்கு, இத்தனை ஆள் காட்டுக்கு, இத்தனை ஆள் ஆஸ்பத்திரியில் என்பதே அன்றாடக் கணக்கு. ஆண்மை, ஆளுமை, ஆட்சி எனக் கிளைக்கும் அச்சொல் அங்கே ஒரு நாள் உழைப்பின் அளவாகச் சுருங்கிற்று.

தோட்டத்தில் நிலைத்த குடும்பங்கள் வேண்டும் என்னும் நிலை வந்தபோது சட்டம் குடும்பத்தின் பக்கம் திரும்பியது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு பள்ளியைப் பற்றியும் பேற்றுக்கால உதவியைப் பற்றியும் பேசிற்று. தாயும் பிள்ளையும் அதில் இடம்பெற்றனர். தந்தை அப்பொழுதும் ஆளாகவே இருந்தான். அவன் உடல் வேலைக்குத் தகுமா என்பதற்கு மேல் அவனைப் பற்றிய வினா எழவில்லை.

புழுங்கல் அரிசி தந்த பாடம்

அந்த ஆள் உண்டது என்ன? அரிசியே முதன்மை. பருப்பு, கருவாடு, புளி, மிளகாய், தேங்காய் எண்ணெய் ஆகியவை அதனைத் தொடர்ந்தன. இந்த எளிய சோறு உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றது என்பதை மாணவர்கள் அறிதல் வேண்டும்.

அக்காலத்தில் மலாயாவைப் ‘பெரிபெரி’ என்னும் நோய் வாட்டியது. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து மாந்தர் மடிந்தனர். சுரங்கங்களில் உழைத்த சீனரிடையே இந்நோய் கொடிதாய் இருக்க, தமிழர்கள் பெரும்பாலும் அதற்குத் தப்பினர். நெகிரி செம்பிலானில் மருத்துவராய் இருந்த வில்லியம் லெனார்ட் பிராடன் இவ்வேறுபாட்டின் காரணம் அரிசியில் உள்ளது என்று 1907இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். சீனர் உண்டது நன்கு தீட்டிய சயாம் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி.

கோலாலம்பூர் மனநோயர் காப்பகத்தில் வில்லியம் ஃபிளெட்சர் இரு குழுவினருக்கு இருவகை அரிசி கொடுத்துச் சோதித்தார். பின்னர் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ஃபிரேசரும் தாமஸ் ஸ்டான்டனும் டுரியான் திப்புஸ் என்னுமிடத்தில் சாலை அமைத்த சுமார் 300 சாவகத் தொழிலாளரை இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். பச்சரிசி உண்ட பிரிவில் நோய் தோன்றியது. புழுங்கல் அரிசி உண்ட பிரிவில் தோன்றவில்லை. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் இடம் மாறியது. 1909இல் இம்முடிவுகள் வெளியாயின. தவிட்டிலுள்ள அச்சத்தே பின்னர்த் தயமின் எனப் பெயர்பெற்ற உயிர்ச்சத்து. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அது தவிட்டிலிருந்து அரிசியின் உள்ளே இறங்குகிறது. அதனால் தவிட்டை நீக்கிய பின்னும் அதன் ஒரு பகுதி அரிசியில் தங்கிவிடுகிறது.

நம் பாட்டிமார் நெல்லவித்தது தயமினை அறிந்தன்று, அது பழக்கம். அப்பழக்கம் உயிர்களைக் காத்தது. உணவு என்பது வயிற்றை நிரப்புவதோடு முடிவதில்லை, அதன் பக்குவமே உடலின் நலத்தைத் தீர்மானிக்கிறது என்னும் உண்மையை இம்மண்ணின் ஆய்வுகள் உலகுக்குக் காட்டின. தந்தையாகும் ஆற்றலும் இவ்வுண்மைக்குப் புறம்பானதன்று.

காய்ச்சல், கள், பட்டினி

பெரிபெரிக்குத் தப்பிய தமிழர் மலேரியாவுக்குத் தப்பவில்லை. காடு அழித்துத் திறந்த நிலத்தில் கொசு பெருகிற்று. மால்கம் வாட்சன் 1901இல் கிள்ளானிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் நீர்வடிகால் வெட்டி மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். பின்னர் அம்முறை தோட்டங்களுக்கும் சென்றது. அதற்குள் இறந்தோர் பலர். பிழைத்தோரும் காய்ச்சலும் குளிருமாகக் காலம் கழித்தனர். இதனோடு கொக்கிப்புழு குருதியைக் குறைத்தது.

ஆணின் உடலில் ஒரு விந்தணு உருவாகி முதிர்வதற்கு ஏறத்தாழ 74 நாள் ஆகும். கடுங்காய்ச்சல் அவ்வாக்கத்தைக் குலைக்கிறது. காய்ச்சல் நின்றபின் பழைய நிலை திரும்பச் சில மாதங்கள் செல்லும் என்பது இன்று மருத்துவம் அறிந்த செய்தி. ஆண்டுக்குப் பலமுறை காய்ச்சலில் விழுந்த ஒருவனுக்கு ஒரு சுற்று முழுமையாக முதிர்வதற்குள் அடுத்த காய்ச்சல் வந்திருக்கும் என்று நாம் உய்த்துணரலாம். அந்நிலையில் அவன் வீட்டில் தொட்டில் கட்டத் தாமதமானால் வசவு விழுந்தது யார்மேல் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

அடுத்தது கள். உழைத்துக் களைத்த ஆணுக்குத் தோட்டத்திலேயே கள்ளுக்கடை இருந்தது. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பது ஆண் இயக்குநீரைக் குறைத்து விந்தகத்தைத் தளர்த்தும் என்பதும், குடும்பத்தின் உணவுப் பணத்தை விழுங்கும் என்பதும் ஒரே கேட்டின் இரு முகங்கள். தொழிலாளர் இதனை உணராதவர் அல்லர். 1941இல் ஆர். எச். நாதன் முதலியோரின் வழிகாட்டலில் கிள்ளானில் தொடங்கிச் சிலாங்கூர்த் தோட்டங்களில் பரவிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், கூலி உயர்வோடும் பெண்களின் மானக் காப்போடும், கள்ளுக்கடைகளை மூடுதலும் ஒன்றாக இருந்தது. அப்போராட்டம் படைகொண்டு ஒடுக்கப்பட்டது. எனினும் உடல்நலத்தைக் கூலியோடு ஒருங்குவைத்துக் கேட்ட அம்மக்களின் தெளிவு போற்றத்தக்கது.

அடுத்த ஆண்டு சப்பானியர் ஆட்சி வந்தது. அரிசி அரிதாயிற்று, மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. சயாம்–பர்மா இரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர், திரும்பாதோர் பல்லாயிரவர். திரும்பி வந்தவரும் எலும்பும் தோலுமாய் வந்தனர்.

பட்டினியையும் பற்றாக்குறையையும் அறிவியல் அறிந்த விதம்

அதே போர்க்காலத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் ஓர் ஆய்வை நடத்தினார். தாமே முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரைப்பட்டினி உணவு கொடுக்கப்பட்டது. அவர்கள் மெலிந்தனர், சோர்ந்தனர். பாலுணர்வு அவர்களிடம் ஏறக்குறைய அவிந்தே போயிற்று. உணவு குறையும்போது உடல் தன் உயிரைக் காப்பதற்கே முதலிடம் தருகிறது. இனப்பெருக்கத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. நல்லுணவு திரும்பியபோது நலமும் படிப்படியாகத் திரும்பியது.

வயிறு நிரம்பியும் சத்துக் குறைந்தால் நேர்வதை இன்னோர் ஆய்வு காட்டியது. பீகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத் 1961இல் ஈரானிலிருந்து ஒரு செய்தியை வெளியிட்டார். இருபது வயதைக் கடந்தும் சிறுவரைப் போன்றே தோன்றிய, பருவமெய்தாத ஆண்கள் அங்கே இருந்தனர். அவர்களுடைய உணவு பெரும்பாலும் ரொட்டியே. மண் தின்னும் பழக்கமும் உண்டு. துத்தநாகச் சத்தின் பற்றாக்குறையே காரணம் என்பது எகிப்தில் நடந்த தொடர் ஆய்வுகளால் உறுதிப்பட்டது. அச்சத்தைக் கொடுத்தபோது அவர்கள் வளர்ந்தனர், பருவமும் எய்தினர்.

துத்தநாகம் இறைச்சியிலும் முட்டையிலும் பயறு, பருப்பு, பூசணி விதை, எள் ஆகியவற்றிலும் உண்டு. கோலா சிலாங்கூர்க் கடற்கரையில் வாரும் சிப்பியிலும் உண்டு. பயற்றை ஊறவைத்து முளைகட்டி உண்டால் உடல் அதனை நன்கு ஏற்கும். லயத்தின் பின்புறத்தில் முருங்கையும் கீரையும் வளர்த்து, ஆடும் கோழியும் வைத்திருந்த குடும்பங்கள் அரிசிப்படியின் குறையைத் தம் கையாலேயே ஈடுசெய்தன. அக்கொல்லைகளைப் பேணியவர்கள் பெரும்பாலும் பெண்களே என்பதும் கருதத்தக்கது.

தேனைப் பற்றிய ஆய்வுகள்

தேனின்மீது தமிழர் கொண்ட காதல் தொன்மையானது. குறிஞ்சி நிலத்தின் விருந்து தேனும் தினைமாவும். முருகனுக்குரிய படையலும் அதுவே. சித்த மருத்துவத்தில் தேன் பெரிதும் அனுபானம், அதாவது மருந்தைக் குழைத்துக் கொடுக்கும் துணைப்பொருள். அமுக்கராச் சூரணமாயினும் பூனைக்காலி விதையாயினும் தேனில் குழைத்தே உண்ணச் சொல்வர். துணைப்பொருளாக வந்த தேன் காலப்போக்கில் தானே முழு மருந்து என்னும் பெயர் பெற்றுவிட்டது.

இரப்பர்த் தோட்டத்துக்கும் தேனுக்கும் உள்ள உறவு பலர் அறியாதது. இலையுதிர்ந்து தளிர்க்கும் பருவத்தில் பால்மரத்தின் இலைக்காம்பு நுனியிலுள்ள சுரப்பிகளில் இனிய நீர் சுரக்கும். கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்திலும் கேரளத்திலும் எடுக்கப்படும் தேனில் பெரும்பகுதி இவ்வாறு வருவதே. நம் முன்னோர் பால் வடித்த மரம் தேனும் சொரியும் மரமாகவே இருந்தது. ஆனால் மங்கில் விழுந்த பாலுக்கு மட்டுமே கணக்கு இருந்தது.

மலேசியாவில் புகழ்பெற்றது துவாலாங் தேன். வானளாவ வளரும் துவாலாங் மரக்கிளைகளில் மலைத்தேனீக்கள் கட்டும் அடைகளிலிருந்து அது எடுக்கப்படுகிறது. கிளாந்தானின் குபாங் கிரியானிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக மருத்துவ வளாகத்தில் இத்தேன் பலவாறு ஆராயப்பட்டது. தேன் கொடுக்கப்பட்ட ஆண் எலிகளில் விந்தணு எண்ணிக்கை கூடியதாகவும், சிகரெட்டுப் புகையால் விந்தகத்துக்கு நேரும் கேடு குறைந்ததாகவும் 2011, 2012ஆம் ஆண்டுகளில் கட்டுரைகள் வெளிவந்தன. தேனிலுள்ள ஃபீனால் வகைப் பொருள்கள், உயிரணுக்களைச் சிதைக்கும் ஆக்சிசனேற்றத்தைத் தடுப்பதே இதற்குக் காரணம் என விளக்குவர்.

பின்னர், விந்தணு குறைந்த ஆண்களிடமும் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு 20 கிராம் துவாலாங் தேன். மற்றொரு குழுவுக்கு நெருஞ்சிச் சாற்றால் ஆன மாத்திரை. 12 வாரம் கழித்து இரு குழுவிலும் விந்தணு அளவுகள் உயர்ந்தன.

இச்செய்தியை எவ்வாறு படிப்பது என்பதை மாணவர்க்குக் கற்பித்தல் வேண்டும். எலியில் கண்டது மனிதனுக்கு அப்படியே பொருந்தும் என்பதில்லை. மனிதரிடம் நடந்த ஆய்வு சிறியது. ஒன்றும் கொடுக்கப்படாத மூன்றாம் குழுவோடு அது ஒப்பிடப்படவில்லை. விந்தணு எண்ணிக்கை இயல்பாகவே ஏறி இறங்கக்கூடியது. ஆகவே ‘தேன் நன்மை செய்யலாம்’ என்று சொல்லச் சான்று உண்டு. ‘தேன் ஆண்மலட்டைத் தீர்க்கும்’ என்று சொல்லச் சான்று போதாது. விந்துக்குழாய் அடைப்பு, விந்தக நாளப் புடைப்பு, இயக்குநீர்க் குறை, பருவத்துக்குப் பின் பொன்னுக்குவீங்கியால் நேர்ந்த கேடு ஆகியவற்றைத் தேன் நீக்காது. அவற்றுக்கு மருத்துவரே வழி.

இன்னோர் இடரும் உண்டு. ஆண்மைக்கென விற்கப்படும் சில ‘தேன்’ பொட்டலங்களில் சில்டெனாஃபில், தடாலாஃபில் என்னும் மருந்துகள் மறைத்துக் கலக்கப்பட்டிருந்ததைக் கண்டு, 2022 சூலையில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் நான்கு நிறுவனங்களுக்கு எச்சரிக்கை மடல் விடுத்தது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட்டு வகை மருந்து உண்பவர் அறியாமல் இதனை உண்டால் குருதி அழுத்தம் திடீரெனச் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இன்றைய தட்டு

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வீட்டு நிலங்களாகியும் போயின. லயத்துக் கொல்லைகள் மறைந்தன. அடுக்குவீட்டில் முருங்கை நட இடமில்லை. வெண்மையாகத் தீட்டிய அரிசி, இனிப்புப் பாலிட்ட தேநீர், பொரித்த பண்டம் என உணவு மாறியது. ஒரு நூற்றாண்டுக்கு முன் எந்தத் தீட்டிய அரிசியினின்றும் விலகி நம்மவர் பிழைத்தனரோ, அதே அரிசியை இன்று விரும்பி வாங்குகிறோம். தயமின் குறையை மற்ற உணவுகள் ஈடுசெய்யலாம். ஆனால் சருக்கரை நோய் வேறு வழியாக வந்து சேர்ந்தது.

2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவு உடையோர். இந்தியர்களிடையே அவ்வளவு 31.4 விழுக்காடு. நீரிழிவு நரம்பையும் நுண்குழாய்களையும் கெடுத்து ஆண்குறி விறைப்பைக் குலைக்கிறது. விந்தணுவின் தரத்தையும் தாழ்த்துகிறது. உடற்பருமன் ஆண் இயக்குநீரைக் குறைக்கிறது. புகைப்பழக்கம் இவற்றோடு சேர்கிறது.

இந்நிலையில் தேனை மருந்தெனக் கருதிக் கரண்டி கரண்டியாக உண்பது எத்தகையது? தேனில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சருக்கரையே. 20 கிராம் தேனில் சுமார் 16 கிராம் சருக்கரை உண்டு. நலமுள்ளவர் வெள்ளைச் சருக்கரைக்கு மாற்றாகச் சிறிதளவு கொள்வதில் குறையில்லை. நீரிழிவு உடையவர் மருத்துவரைக் கேளாமல் கொள்வதோ, ஆண்மையைக் கெடுக்கும் நோய்க்கே உரமிடுவதாகும்.

சொல்லிலிருந்து செயலுக்கு

உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் பிள்ளையின்மையை எதிர்கொள்கிறார் என்று உலக நலவாழ்வு அமைப்பு 2023இல் அறிவித்தது. அத்தகைய இணையருள் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் ஆணின் பங்கும் காரணமாக உள்ளது என்பது மருத்துவத்தில் நிலைபெற்ற கருத்து. ஓராண்டு கூடி வாழ்ந்தும் கரு தங்காவிடின் இருவரும் ஒருசேர மருத்துவரைக் காணல் வேண்டும். ஆணுக்குரிய முதற்சோதனை விந்துச் சோதனை. அது எளியது, உடலை வருத்தாதது. அதனைச் செய்துகொள்ள வெட்கி, மனைவியை மட்டும் மருத்துவமனைக்கு அனுப்பும் வழக்கம் தோட்டத்தை விட்டு வந்த பின்னும் நம்மை விட்டபாடில்லை.

ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவன மூன்று. வரலாற்று வகுப்பில் இரப்பர் விலையோடு தோட்டத்து மக்களின் தட்டையும் பாடமாக்குங்கள். புழுங்கல் அரிசியின் கதை நம் மாணவர்க்குப் பெருமையும் அறிவும் ஒருங்கே தரும். நலக்கல்வி வகுப்பில் ஆண்பிள்ளைகளுக்கும் அவர்களுடைய உடலைப் பற்றிக் கூச்சமின்றிச் சொல்லுங்கள். பயறும் கீரையும் மீனும் பழமும் அவர்களுடைய நாளைய தந்தைமைக்கும் உணவு என்பதை அவர்கள் அறியட்டும். மொழி வகுப்பில் ‘மலடி’ என்னும் சொல் வரும்போது சற்று நின்று, அச்சொல் யார்மேல் வீசப்பட்டது, ஏன் வீசப்பட்டது என்று மாணவரையே வினவச் செய்யுங்கள்.

மாணவர்களுக்கும் ஒரு பணி உண்டு. உங்கள் பாட்டனும் பாட்டியும் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தனர், அங்கே என்ன சமைத்தனர், கொல்லையில் என்ன விளைத்தனர், காய்ச்சலுக்கு என்ன செய்தனர் என்று கேட்டு எழுதிவையுங்கள். பிள்ளையின்றி வாழ்ந்த ஓர் அத்தையோ பெரியம்மாவோ ஒவ்வொரு குடும்பத்தின் நினைவிலும் இருப்பார். அவரைப் பற்றிச் சொல்லப்பட்ட கதையைக் கேட்கும்போது, அவருடைய கணவருக்கு எத்தனை முறை காய்ச்சல் கண்டது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.